விண்டோஸும் இருக்கட்டும், லினக்ஸும் வரட்டும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை தவணை நீட்டிக்கும் ஓர் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது; ஆனால் தவணை தவணைதான். விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். ஆக, 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கதவு திறக்காது. அவை பழுதானவை அல்ல. திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை வேலை செய்கிறது, நான்கு ஜி.பி. நினைவகமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும் தாராளம். இந்த நிலையில் பலரும் சொல்லும் வழி இரண்டு: புதிதாக ஒன்று வாங்கு, அல்லது விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இருக்கும் விண்டோஸைத் தொடாமல், அதே கணினியில் லினக்ஸையும் நிறுவிக்கொள்வது. சாதாரணக் குடும்பத்துக்கு இதுவே ஆகச் சிறந்த வழி என்பது என் உறுதியான எண்ணம்.

விண்டோஸை ஏன் அழிக்கக் கூடாது? லினக்ஸ் மட்டமானது என்பதால் அல்ல. நம் வேலைகள் பல விண்டோஸோடு பிணைந்து கிடப்பதால். கடைக்கணக்கு டேலியில் இருக்கும். அச்சகம் நடத்துபவரிடம் பேஜ்மேக்கரில் வடிவமைத்த பத்து வருடத்துப் பத்திரிகைகள், பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இருக்கும். பழைய ஸ்கேனருக்கு விண்டோஸ் டிரைவர் மட்டுமே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டவர், மறுவாரம் ஒரு பழைய அழைப்பிதழைத் திறக்க வேண்டி வந்தால் திகைத்துப் போவார். உடனே கடைக்குக் கொண்டுபோய் மறுபடி விண்டோஸ் போட்டுக்கொள்வார். அதன் பிறகு லினக்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். ஒரு புதிய இயங்குதளத்துக்குப் பழகப் பல மாதம் ஆகும். அந்தப் பல மாதமும் பழையது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் மனிதர்கள் பொறுமையாகப் பழகுவார்கள்.

இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. கணினியைத் திறந்தால் எது வேண்டும் என்று கேட்கும். 2018-இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸ் வகையையும் சேர்த்தே கற்பிக்கிறது. இரண்டு இயங்குதளம் என்ற எண்ணம் நம் பள்ளிகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. எந்த வேலைக்கு எது என்று யாரும் எடுத்துச் சொல்லாததுதான் குறை.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கோ எஸ்.எஸ்.டி.யோ, உள்ளே பார்ட்டிஷன் எனப்படும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சி டிரைவ் அவற்றில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு சின்னப் பகுதியும் இருக்கும். பல கணினிகளில் அது வெறும் 100 எம்.பி. கணினியைத் துவக்கும் நிரல் அங்கேதான் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் அதற்குள் ஒரு கோப்புறை வைத்திருக்கிறது. உபுண்டுவை நிறுவினால் அது பக்கத்தில் தன் பெயரில் இன்னொரு கோப்புறையைப் போட்டுக்கொள்ளும். விண்டோஸின் கோப்புறையில் கைவைக்காது. கணினியைப் போட்டதும் க்ரப் என்ற சிறு நிரல் கறுப்புத் திரையில் ஒரு பட்டியலைக் காட்டும். முதல் வரியில் லினக்ஸ், சற்றுக் கீழே விண்டோஸ். அம்புக்குறி விசையால் இறங்கி என்டர் தட்டினால் வழக்கமான விண்டோஸ் அப்படியே வரும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும் என்பதால் கணினியின் வேகம் இரண்டாகப் பங்குபோடப்படுவதில்லை. இரண்டும் பங்கிடுவது டிஸ்க்கின் இடத்தை மட்டுமே. லினக்ஸின் இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட் கேட்பது குறைந்தது 20 ஜி.பி.; வசதியாக இருக்க 60, 70 ஜி.பி. ஒதுக்கலாம்.

கோப்புகள் அழிந்துவிடாதா என்பதே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. அழிய வாய்ப்புண்டு, ஆனால் அந்த ஆபத்து எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். சி டிரைவைச் சுருக்கும் நேரமும், லினக்ஸை நிறுவும் நிரலான நிறுவியில் ஒரே ஒரு திரையும்தான் அந்த இடங்கள். சுருக்குவதை விண்டோஸுக்குள்ளிருந்தே, டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகச் செய்ய வேண்டும். தன் கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்று விண்டோஸுக்குத்தான் நன்றாகத் தெரியும். நிறுவியின் அந்தத் திரையில் விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா, டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவவா என்று இரண்டு வரிகள் அடுத்தடுத்து நிற்கும். இரண்டாவதைத் தொட்டு, உறுதியும் செய்துவிட்டால் திரும்ப வழியில்லை. அந்தத் திரையில் அவசரம் கூடாது. இதற்கெல்லாம் முன்னால், முக்கியமான கோப்புகள் வெளி டிஸ்க் ஒன்றில் நகலாக இருக்க வேண்டும். நகல் இல்லாதவர் லினக்ஸ் நிறுவாவிட்டாலும் ஆபத்தில்தான் இருக்கிறார்.

முன்கூட்டியே பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, பிட்லாக்கர் என்ற பூட்டு. சில மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் அது இயங்கிக்கொண்டிருக்கும். துவக்க அமைப்பில் மாற்றம் கண்டால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பூட்டை அணைத்துவிட்டே தொடங்க வேண்டும். மற்றது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் அதன் டிரைவில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் கெடலாம் என்பதால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே திறக்கும். கன்ட்ரோல் பேனலில் அந்த வசதியை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

விண்டோஸ் அப்டேட் வந்தால் லினக்ஸ் காணாமல் போகும் என்பது அடுத்த மறுப்பு. இதிலும் உண்மை இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தம், இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளைத் தொடாது என்று அறிவிக்கப்பட்டிருந்தும், பலரின் கணினியில் லினக்ஸ் துவங்குவதைத் தடுத்துவிட்டது. ஆனால் அப்போதும் ஒருவருடைய கோப்பும் அந்தத் தடையால் அழியவில்லை. செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பைத் தற்காலிகமாக அணைத்து, அந்தத் திருத்தத்தோடு புகுந்த விதியை நீக்கிவிட்டு, மறுபடி இயக்கினால் பழையபடி ஓடியது. துவக்கம் தடைபடுவதும் தகவல் தொலைவதும் ஒன்றல்ல. நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால், பெரும்பாலான துவக்கக் கோளாறுகளை அதிலிருந்தே சரிசெய்யலாம்.

விண்டோஸுக்கு உள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி அதில் லினக்ஸ் ஓட்டலாமே என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். 16 ஜி.பி. நினைவகம் உள்ள புதுக் கணினிக்கு அது அருமையான யோசனை. நாம் பேசுவதோ நான்கு ஜி.பி. கணினியைப் பற்றி, அதில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டும் திணறும். அதைவிட முக்கியம், திருத்தம் நின்றுபோன விண்டோஸ்தான் அப்போதும் அடியில் இருந்து இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கும். எந்தக் கவலைக்காக மாற நினைத்தோமோ அது அப்படியே இருக்கும்.

வலுவான மறுப்பு இதுதான்: திருத்தம் வராத விண்டோஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே ஆபத்தில்லையா? இணையத்துக்குப் போனால் ஆபத்துதான். அதனால்தான் வேலையைப் பிரிக்க வேண்டும் என்கிறேன். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், யூடியூப், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் லினக்ஸில். டேலியும் பேஜ்மேக்கரும் பழைய ஸ்கேனரும் விண்டோஸில், வைஃபையை அணைத்துவிட்டு. இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாத வீட்டில் இரண்டு இயங்குதளம் பாதி பலன்தான் தரும். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைப்பிடிக்கும் வீட்டில், பழைய கணினி இன்னும் சில வருடம் பத்திரமாக ஓடும்.

பழகும்போது சின்னச் சின்ன உறுத்தல்கள் வரும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று வாசிக்கிறது. லினக்ஸில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகளும் லினக்ஸில் கிடைக்கின்றன. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் தேர்ந்துகொண்டால் யூனிகோடு தமிழை எல்லா இடத்திலும் தட்டச்சு செய்யலாம்.

எல்லாக் கணினிக்கும் இது பொருந்தாது. 32 ஜி.பி. சேமிப்பு மட்டுமே உள்ள மலிவு மடிக்கணினியில் இரண்டுக்கு இடமில்லை. அலுவலகம் கொடுத்த கணினியில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. டிஸ்க்கைப் பிரிக்க நெஞ்சு துணியாதவர், கணினியில் இடமிருந்தால் இரண்டாவதாக ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தி, லினக்ஸை அதில் தனியாக நிறுவலாம். செலவு கூடும், நிம்மதியும் கூடும்.

எதற்கும் முன்னால், நிறுவாமலே சோதித்துப் பாருங்கள். எட்டு ஜி.பி. பென்டிரைவில் லினக்ஸ் மின்டை எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்கி, வைஃபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா என்று பார்க்கலாம். டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. மூன்றும் சரியாக இருந்தால், பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடும் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு, வெளி டிஸ்க்கில் முதலில் கோப்புகளை நகலெடுங்கள். மற்றதை அதன் பிறகு தொடங்குங்கள்.