பல்படிச் சங்கிலியை ஒருபடியாக்கல்

செஞ்சிக் கோட்டையைக் காணப் புறப்படும் ஒருவர்க்கு, இன்ன இடத்தின்பின் இன்ன இடம் என வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மராட்டியர் கோட்டைகள் 12 உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டபோது, அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இஃதொன்றே. வல்லம், செஞ்சி வட்டாரத்து மாணவர் இம்மலைகளை நாடோறும் காண்பவர். கணிப்பொறிக் கலையில் பலரை மயங்கவைக்கும் ஒரு பாடத்தை அவர்கட்கு இம்மலைகளைக் கொண்டே விளக்கலாம் என்பது எம் துணிபு.

முதல் வரிசையில் நான்கு இடங்களை வைப்போம்: கலியாண மகால், ராஜகிரி அடிவாரம், கிருஷ்ணகிரி அடிவாரம், வேங்கடரமணர் கோயில். ராஜகிரி அடிவாரத்தினின்று மேல்நோக்கி ஒரு கிளை வரிசை செல்கின்றது. அதில் கமலக்கன்னி கோயில், பிளவின் மேலுள்ள பாலம், உச்சி என மூன்று. உச்சிக்கும் ஒரு கிளையுண்டு. அரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும் அதன்கண் அடங்கும். கிருஷ்ணகிரியின் கிளையில் கிருஷ்ணர் கோயிலும் சபாமண்டபமும் உள்ளன. ஆக இடங்கள் 11, படிகள் மூன்று.

ஜாவா போன்ற பொருள்நோக்கு மொழிகளில் இவ்விடம் ஒவ்வொன்றும் ஒரு பொருளாகும். ‘கணு’ என்னும் இனக்குழுவின்படி அமைந்த அப்பொருள் தன் பெயரோடு மூன்று சுட்டுகளை வைத்திருக்கும். ‘அடுத்தது’ என்பது பின்வரும் கணுவையும், ‘முந்தியது’ என்பது முன்னுள்ள கணுவையும், ‘கிளை’ என்பது கிளை வரிசையின் முதற்கணுவையும் காட்டும். காட்ட ஒன்றுமில்லாதவிடத்துச் சுட்டு வெறுமையாய் நிற்கும். இவ்வாறு ஒன்றையொன்று சுட்டி நிற்கும் பட்டியலையே லிங்க்ட் லிஸ்ட் என்பர். 1950களின் நடுவில் நியூவெல், ஷா, சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் இதனைக் கையாளத் தொடங்கினர். பொருள்நோக்கு முறையோ 1967இல் நார்வே நாட்டில் வெளிப்பட்ட சிமுலா மொழியிற் பிறந்தது.

நிற்க. கிளைகளையெல்லாம் மடக்கி ஒரே நீள் வரிசையாக்குவதே நம் வேலை. எம்முறையில் மடக்குவது? படிப்படியாகச் செல்லின், முதற்படியின் நான்கு இடங்களையும் கண்டபின் ராஜகிரிக்கு மீண்டுவந்து பாதி ஏறி, மறுபடியும் கிருஷ்ணகிரிக்கு நடந்து, பின்னும் ராஜகிரி உச்சிக்கு வரவேண்டும். வெயிற்காலத்தில் அங்ஙனம் அலைவார் யார்? கிளையைக் கண்டவுடன் அதில் ஏறி, அது முடிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுதலே இவ்விடத்துக்கேற்ற முறை.

செய்கை வருமாறு. முதற்கணுவினின்று நடந்து செல்க. கிளையில்லாத கணுவாயின் கடந்து போக. ராஜகிரி அடிவாரத்தில் கிளையுண்டு. அக்கிளை வழியே அதன் கடைசிக் கணுவாகிய உச்சி வரை சென்று பார்க்க. உச்சியின் ‘அடுத்தது’ என்னும் சுட்டைக் கிருஷ்ணகிரி அடிவாரத்திற்குத் திருப்புக. கிருஷ்ணகிரியின் ‘முந்தியது’ உச்சியைக் காட்டுக. அதன்பின்னரே ராஜகிரியின் ‘அடுத்தது’ கமலக்கன்னி கோயிலைக் காட்டவும், அக்கோயிலின் ‘முந்தியது’ ராஜகிரியைக் காட்டவும் செய்க. ஈற்றில் ராஜகிரியின் கிளைச்சுட்டை வெறுமையாக்குக. உச்சியின் கிளையைப் பற்றி இப்பொழுது கவலை வேண்டா. நடையில் உச்சியை அடையும்போது அஃது அவ்வாறே மடக்கப்படும்.

இவ்வொழுங்கை மாற்றினால் விளையும் கேடு சிறிதன்று. ராஜகிரியின் ‘அடுத்தது’ என்பதை முதலிலேயே கமலக்கன்னி கோயிலுக்குத் திருப்பிவிட்டோமாயின், கிருஷ்ணகிரி எங்கேயென்று காட்டுதற்கு எச்சுட்டும் எஞ்சாது. அதற்கப்பாலுள்ள நான்கு இடங்களும் வரிசையினின்று அற்றுப்போம். கிருஷ்ணகிரியின் ‘முந்தியது’ இன்னும் ராஜகிரியைக் காட்டுமேயெனின், காட்டும்; ஆனால் நாம் நிற்பது ராஜகிரியில். ஜாவாவில் இவ்வாறு எட்டாதுபோன பொருள்களைக் குப்பையென்று கருதி நினைவகம் பின்னர்த் துடைத்துவிடும். சி++ மொழியிலோ அவை பயனின்றி இடத்தை அடைத்துக் கிடக்கும். இரண்டிலும் பிழைச்செய்தி ஏதும் எழாது. அதுவே இதன் கொடுமை.

கிளைச்சுட்டை வெறுமையாக்குதலை மாணவர் பலர் அழகிற்காகச் செய்வதாக எண்ணுகின்றனர். அது தவறு. வெறுமையாக்காது விட்டு, அதே செய்கையை இரண்டாமுறை நிகழ்த்தினால், ராஜகிரியின் கிளைக்குக் கடைசிக்கணுவைத் தேடிச் செல்லும் நடை வேங்கடரமணர் கோயிலிற் சென்று முடியும். ஏனெனில் இப்பொழுது எல்லாம் ஒரே வரிசை. அக்கோயிலின் ‘அடுத்தது’ கமலக்கன்னி கோயிலுக்குத் திருப்பப்படும். பட்டியல் வளையமாய்விடும், பயணி முடிவின்றி மலையேறிக்கொண்டேயிருப்பார்.

உழைப்பின் அளவு யாதெனின், முதற்படியின் நான்கு கணுக்களை ஒருமுறையும், கிளைகளிலுள்ள ஏழினைக் கடைசிதேடும் நடையில் ஒருமுறையும் பொதுநடையில் ஒருமுறையும் தொடுகின்றோம், ஆக 18. கணுக்கள் எத்துணையாயினும் அவற்றின் இருமடங்கை உழைப்பு கடவாது. தனி நினைவிடமும் வேண்டா. தன்னைத் தானே அழைக்கும் செயற்கூறால் எழுதுதல் சுருக்கமே. ஆயினும் கிளைக்குள் கிளையாகப் படிகள் இலக்கக்கணக்கில் ஆழ்ந்தால், ஒவ்வோர் அழைப்பும் அடுக்ககத்தில் இடங்கொள்வதால், அடுக்ககம் நிரம்பி நிரல் நின்றுபோம்.

இனி, மடக்கியபின் இழப்பது ஒன்றுண்டு. திருக்குறள் 1330 பாக்களும் தொடர் எண் பெற்றிருத்தலும் ஒருவகை மடக்கலே. பால், அதிகாரம் என்னும் படிகள் அங்கே எண்ணில் மறைந்து நிற்கின்றன. 391ஆம் குறள் எவ்வதிகாரமெனின், ஒவ்வோர் அதிகாரத்துக்கும் பத்தேயாதலின், 40ஆவதாகிய கல்வி என்று கணக்கிட்டே சொல்லிவிடலாம். நம் கோட்டை வரிசையில் கிளைகள் சமமாயில்லை. ஆதலின் எட்டாவதாக நிற்கும் கிருஷ்ணகிரி அடிவாரம் எப்படியைச் சேர்ந்ததென்று எண்ணைக்கொண்டு சொல்லவியலாது. மடக்குமுன் ஒவ்வொரு கணுவிலும் ‘படி’ என்றொரு எண்ணையும் எழுதி வைத்தல் வேண்டும். அடிவாரத்திற்கு 1, கமலக்கன்னி கோயிலுக்கு 2, களஞ்சியத்திற்கு 3. எண் ஒன்று ஏறுமிடத்தில் கிளை தொடங்குகின்றது. குறையுமிடத்தில் அது முடிந்து, முன்னைய வரிசை தொடர்கின்றது. இவ்வெண்களைக் கொண்டே, வேண்டும்போது, கிளைகளை மீளவும் கட்டிக்கொள்ளலாம்.