கன்சல்டன்ட் என்று எழுதிவிட்டால் போதுமா?

சிறு நிறுவனங்கள் பல, ஆளைச் சம்பளப் பட்டியலில் சேர்க்காமல் ‘கன்சல்டன்ட்’ என்று ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வைத்துக்கொள்கின்றன. பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை, கிராஜுவிட்டி இல்லை. மாதம் ஒரு பில் வாங்கி, தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டிவிட்டால் சட்டப்படி எல்லாம் சரி என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பாதிதான் சரி. டிடிஎஸ் கட்டியது வரித்துறைக்குப் பதில் சொல்லும். அவர் ஊழியரா இல்லையா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் பல முறை எடுத்துப் பார்த்திருக்கிறது. 1973-இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தையல்காரர்கள் ஊழியர்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்தார்கள். வேறு கடைக்குத் தைக்கவும் தடையில்லை. ஆனாலும் பெரும்பாலான தையல் மெஷின்கள் கடைக்காரருடையவை. எப்படித் தைக்க வேண்டும் என்று சொன்னவரும், சரியில்லை என்றால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொன்னவரும் அவரே. அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பு வந்தது. அலுவலக லேப்டாப், காலை ஒன்பதரை மணி வருகை, விடுப்புக்கு மேலாளரின் அனுமதி என்று வேலை பார்க்கும் இன்றைய ‘கன்சல்டன்ட்’ அந்தத் தையல்காரரைவிடச் சுதந்திரமானவர் என்று எந்த வழக்கறிஞரும் எளிதில் வாதாட முடியாது.

‘அவரே விரும்பித்தானே கையெழுத்துப் போட்டார்’ என்பார்கள். பொறியாளர், கணக்காளர் போன்றோருக்கு இதில் லாபமும் உண்டு: குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால், வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். ஆனால் பிஎஃப் போன்ற சட்ட உரிமைகளைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. பின்னால் விசாரணை வந்தால் நிலுவையோடு வட்டியும் அபராதத் தொகையும் நிறுவனத்தின் தலையில்தான் விழும்; தன் பங்கு பிஎஃபைத் தொழிலாளியிடம் பிடிக்கச் சட்டம் விடாது. வேலை தேவைப்படுகிறவரின் சம்மதத்தை முழு மனச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதும் நியாயமில்லை.

இதற்காக வெளியாட்களுக்கு வேலை கொடுக்கவே பயப்பட வேண்டாம். பல வாடிக்கையாளர்களுக்கு, தன் கருவியில், தன் நேரத்தில் வேலை செய்து கொடுப்பவரை ஊழியர் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அவரிடம் பான் எண் வாங்க வேண்டும். இல்லையென்றால் டிடிஎஸ் 20 சதவீதம். பிடிக்கவே மறந்தால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை வரிக்கணக்கில் அந்த ஆண்டு கழிக்க முடியாது. பலர் கவனிக்காத இன்னொன்று பதிப்புரிமை. ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்த படைப்பு பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தம். சுயேச்சையாக வேலை செய்பவர் எழுதிய மென்பொருள் பொதுவாக அவருக்கே சொந்தம், எழுத்துமூலம் மாற்றித் தரும்வரை. அப்படி மாற்றும்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் கொள்ளும். ஆறாவது ஆண்டில் அதே மென்பொருளை விற்க, எழுதியவரிடம் மறுபடியும் போய்த்தான் கேட்க வேண்டும்.