எத்தனை ஸ்லைஸ் என்பதைவிட நாடி எத்தனை என்பதே முக்கியம்

சென்னை எம்.கே.பி. நகரில் மாடி ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது என்றால், "ஒரு சி.டி. ஆஞ்சியோ எடுத்துடுங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். "64 ஸ்லைஸா, அதுக்கு மேலயா?" என்று, இயந்திரம் ஒரு சுற்றில் எத்தனை படத்துண்டு எடுக்கும் என்பதே அடுத்த கேள்வி. கேட்க வேண்டியது வேறு.

அதற்கு முன் ஒன்று. நெஞ்சுவலியோடு வியர்த்துக் கொட்டினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், ஸ்கேன் சென்டரைத் தேடாதீர்கள். 108-ஐ அழைத்து ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதலில் இ.சி.ஜி.தான் எடுப்பார்கள்.

சுண்ணாம்பை அளக்கும் ஸ்கேன்

கால்சியம் ஸ்கோருக்கு ஊசி கிடையாது. இதய ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பை எண்ணாகத் தரும். 1990-இல் அகட்ஸ்டன் குழுவினர் வகுத்த கணக்கு அது. 400-ஐத் தாண்டினால் படிவு மிக அதிகம். 0 வந்தால் நல்ல செய்திதான். ஆனால் 40 வயதுகூட ஆகாமல், சர்க்கரையும் புகைப்பழக்கமும் உள்ளவர் அதை நம்பி இருந்துவிடக் கூடாது. சுண்ணாம்பு ஏறாத மென்மையான கொழுப்புப் படிவு இதில் தெரியாது.

குழாயின் உள்ளே பார்க்கும் ஸ்கேன்

சி.டி. ஆஞ்சியோவில் கை ரத்தநாளம் வழியாக அயோடின் மருந்து செலுத்துவார்கள். ஓயாமல் அசையும் இதயத்தை, இரு துடிப்புக்கு நடுவே அது அடங்கும் கணத்தில் படம்பிடிக்க வேண்டும். நாடி 60-65க்குள் இருந்தால் அந்தக் கணம் நீளும். அதற்காகவே நாடியைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மருந்தை முன்கூட்டி கொடுப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம்; மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கதிர்வீச்சின் அளவும் நாடியைப் பொறுத்ததே. துடிப்பு முழுவதும் எக்ஸ்-ரே பாய்ச்சும் பழைய முறையில் 10 மில்லிசீவர்ட்டுக்கு மேலும் போகலாம். அடங்கும் கணத்தில் மட்டும் பாய்ச்சினால் பெரும்பாலும் 5-க்குள் முடியும். இரட்டை எக்ஸ்-ரே குழாய் உள்ள இயந்திரம், நாடி சீராக இருந்தால், சுமார் 1-லேயே முடித்துவிடும். இயற்கையிலிருந்து நாம் ஆண்டுக்குப் பெறுவது உலக சராசரியில் 2.4. ஆகவே, "எனக்கு எந்த முறையில் எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். துடிப்பு தாறுமாறாக இருப்பவருக்குப் பழைய முறையே தேவைப்படலாம், அதில் தவறில்லை.

படத்துக்குப் பிறகு

2018-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு 4,146 நெஞ்சுவலிக்காரர்களை ஐந்து ஆண்டு கவனித்தது. சி.டி. ஆஞ்சியோவும் எடுத்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்கும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 3.9 சதவீதம் பேருக்கும் மாரடைப்போ இதயநோயால் மரணமோ நேர்ந்தது. படம் மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை. அடைப்பைப் பார்த்தபின் சரியான மாத்திரைகள் தொடங்கப்பட்டன என்பதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

ஸ்கேனுக்குப் போவதற்கு முன் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை செய்து, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுபவரானால் டாக்டரிடம் சொல்லுங்கள். அன்று காலை டீயும் காபியும் வேண்டாம்; நாடி ஏறிவிடும்.