பச்சை விளக்கை நம்பாதீர்கள்: பிளேபுக் பழுதுபார்த்தல்

2023 ஒகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் கிளவுட் கட்டமைப்பை, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியது. சேவை 12 மணித்தியாலத்துக்குள் மீண்டது. ஆனால் மே 17 முதல் அன்றுவரையான மின்னஞ்சல்களுக்கு மறுபிரதி இருக்கவில்லை. ஏறத்தாழ 5,000 அரச கணக்குகள் அந்தக் காலத்துக் கடிதங்களை இழந்தன. மறுபிரதியின் அருமையைச் சொல்லும் பழைய கதையும் நம்மிடம் உண்டு. மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே, ஏ9 வீதியோரம் இருக்கிறது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த மறைநூலான திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடம் அது. 1848 கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகள் அழிந்தன. வேறிடங்களில் பிரதிகள் இருந்ததால் திரிபிடகம் பிழைத்தது.

மறுபிரதி கடைசி அரண். அதற்கு முன்னால் நிற்பவை பாதுகாப்புத் தானியங்கித் தளங்கள். அவற்றின் உயிர்நாடி பிளேபுக், அதாவது எச்சரிக்கை வந்தால் எதை, எந்த வரிசையில் செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்த படிமுறை. மாத்தளைக் கச்சேரிக்குச் சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளேபுக் அதிலுள்ள இணைப்பையும் ஐபி முகவரியையும் பிரித்தெடுக்கும். கெட்டவைதானா என்று வெளிச்சேவையிடம் விசாரிக்கும். ஆமென்றால் ஃபயர்வோலில் தடுக்கும். எல்லாம் சில நொடிகளில்.

இது பழுதாகும் விதம்தான் கவலைக்குரியது. பாதியில் நின்று சிவப்பு எழுத்தில் பிழை காட்டினால் யாராவது கவனிப்பார்கள். எல்லாப் படிகளும் பச்சையாக முடிந்தும் எதுவுமே தடுக்கப்படாமல் போவதுதான் ஆபத்து. உதாரணமாக, எச்சரிக்கையை அனுப்பும் கருவி ஒரு தரவுப் புலத்தின் பெயரை மாற்றியிருக்கும். பிளேபுக் பழைய பெயரில் தேடி வெறுமையைப் பெறும். வெறுமையை விசாரித்தால் ‘கெட்டது எதுவுமில்லை’ என்றே பதில் வரும். மூன்று முகவரிகள் கொண்ட பட்டியலை ஒற்றைச் சொல்லாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடப்பது. நம் நாட்டுக்கே உரிய சிக்கலும் உண்டு: கருவிகள் பல உலகப் பொது நேரத்தில் எழுத, நாம் ஐந்தரை மணித்தியாலம் முந்தி நிற்கிறோம். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், ‘கடந்த ஒரு மணித்தியாலம்’ என்ற தேடல் வெற்றிடத்தைத் துழாவிவிட்டு வரும்.

ஆகவே பழுதுபார்ப்பவர் முதலில் தரவின் பின்னால் போகவேண்டும். பழைய சம்பவம் ஒன்றை மீண்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு படிக்குள்ளும் எது நுழைந்தது, எது வெளியே வந்தது என்று பார்க்கவேண்டும். எத்தனை முகவரிகள் உள்ளே போயின, எத்தனைக்குப் பதில் வந்தது என்று எண்ணினாலே பாதிப் பழுது அகப்படும். வெறுமை வந்தால் ‘பாதுகாப்பானது’ என்று கடந்து போகாமல், நின்று ஒரு மனிதரை அழைக்கும்படி பிளேபுக்கை எழுதுவது கட்டாயம் என்பேன்.

பழுதுபார்க்கையில் முழு மின்னஞ்சலையும் பதிவுக் கோப்பில் கொட்டிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கச்சேரிக் கடிதத்தில் ஒருவரின் அடையாள அட்டை இலக்கமும் காணி விபரமும் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காக்க முனைவது அத்தகைய விபரங்களைத்தான். பதிவில் எழுதுமுன் அவற்றை மறைக்கவும், வேலை முடிந்ததும் கோப்பை அழிக்கவும் பிளேபுக்கிலேயே ஒரு படி சேர்க்கலாம்.