செயின் லூசா இருக்கா? பெண் ரைடர்களும் முதல் பைக்கும்

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "பைக் வாங்கிட்டேன், ஓட்டவும் வருது. ஆனா மெக்கானிக் கடையில என்ன பேசறதுன்னே தெரியல." கேட்டவங்கள்ல முக்கால்வாசி பெண்கள். எனக்கும் இது பழகின விஷயம்தான். ஆர்சி என் பேர்ல, சாவி என் கையில. ஆனா கடையில, "வீட்டுல அண்ணன் இருந்தா வரச் சொல்லும்மா, அவர்கிட்ட சொல்லிடறேன்"னு பதில் வரும்.

இத்தனைக்கும் பெண்கள் ஸ்பேனர் பிடிக்கறது புதுசே இல்ல. 1934 டிசம்பர்ல தெரசா வாலக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரன்னு ரெண்டு பேர் லண்டன்ல இருந்து கிளம்பினாங்க. 600 சிசி பேந்தர் பைக், ஒரு சைடுகார், பின்னாடி ஒரு ட்ரெய்லர். சஹாராவைத் தாண்டி, வழியில எஞ்சினையே பிரிச்சு மாட்டி, 1935 ஜூலையில கேப் டவுன் போய்ச் சேர்ந்தாங்க. வாலக் இன்ஜினியரிங் படிச்சவங்க.

அப்போ நமக்கு ஏன் தெரியல? பசங்க பத்து வயசுலயே மெக்கானிக் கடை வாசல்ல நின்னு வேடிக்கை பார்ப்பாங்க. பாதி விஷயம் அங்கேயே காதுல விழுந்துடும். அந்த வாசல் நமக்குக் கிடைக்கல. இப்போ ஆன்லைன் குரூப்தான் அந்த வாசல். 2011-ல புனேல ஊர்வசி பட்டோலே ஆரம்பிச்ச 'பைக்கர்னி' இந்தியா முழுக்கப் பெண் ரைடர்களைச் சேர்த்தது. பிரிட்டன்ல ஹேலி பெல் ஃபேஸ்புக்ல போட்ட ஒரு அழைப்புதான், 2019 பிப்ரவரி 27-ல ஸ்காட்லாந்தில தொடங்கின பெண் ரைடர்களோட உலக ரிலே ஆச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு "இந்த சத்தம் நார்மலா?"னு ஆடியோ அனுப்பினா, அதே மாடல் வெச்சிருக்கிற ஒரு அக்கா பதில் சொல்வாங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க.

முதல்ல ஒரு எச்சரிக்கை

எஞ்சினை ஓட விட்டு, கியர் போட்டு, சுத்துற செயின்ல துணியை வெச்சுத் துடைக்கிற வீடியோ நிறைய சுத்துது. தயவு செஞ்சு வேண்டாம். துணி மாட்டினா ஸ்ப்ராக்கெட் விரலையும் சேர்த்து இழுத்துடும். விரலே போகும். எஞ்சின் ஆஃப், நியூட்ரல், சாவி பாக்கெட்ல. வீலைக் கையால சுத்துங்க. குரூப்ல யார் என்ன சொன்னாலும் ஓனர்ஸ் மேனுவலோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. நாங்க ஆபீஸ்ல சொல்ற அதே விஷயம்தான்: முதல்ல டாக்குமெண்டேஷன் படி.

செயின்

ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல, செயினோட கீழ்ப்பக்கத்தை விரலால மேலயும் கீழயும் தள்ளுங்க. நிறைய கம்யூட்டர் பைக்குகளுக்கு 20-ல இருந்து 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கணும். உங்க வண்டிக்கான கணக்கும், எந்த ஸ்டாண்டுல நிறுத்தி அளக்கணும்ங்கறதும் மேனுவல்ல இருக்கும். செயின் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தேய்றதில்ல. அதனால வீலைச் சுத்திச் சுத்தி மூணு நாலு இடத்துல பாருங்க, டைட்டா இருக்கிற இடத்தை வெச்சு அட்ஜஸ்ட் பண்ணுங்க.

"டைட்டா இருந்தா நல்லதுதானே?"ன்னு கேட்பீங்க. இல்ல. நீங்க உட்கார்ந்து, பின்னாடி ஒருத்தர் ஏறி, வண்டி ஸ்பீடு பிரேக்கர்ல இறங்கும்போது பின் சக்கரம் மேல போகும், செயின் இன்னும் இறுகும். அதுக்கு இடம் இல்லைன்னா செயின், ஸ்ப்ராக்கெட், உள்ள இருக்கிற பேரிங் எல்லாம் அடி வாங்கும். ரொம்ப லூசா இருந்தா செயின் கழண்டு பின் சக்கரமே லாக் ஆகலாம்.

அட்ஜஸ்ட் பண்ணும்போது ஸ்விங் ஆர்ம்ல இடது, வலது ரெண்டு பக்கமும் ஒரே மார்க்குல நிக்கணும். இல்லைன்னா சக்கரம் கோணலாயிடும். பின்னாடி டிரம் பிரேக்னா, சக்கரம் நகர்ந்ததும் பிரேக் பெடல் ப்ளேயும் மாறும், அதையும் சரி பண்ணணும். கடைசியா ஆக்ஸில் நட் சரியா டைட் ஆச்சான்னு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணி லூப் அடிங்க. மழையில நனைஞ்சா அதுக்கு முன்னாடியே. ஓ-ரிங் செயின்னா பெட்ரோலும் கம்பி பிரஷும் வேண்டாம், ரப்பர் வீணாயிடும்.

மீதி எல்லாம் அஞ்சு நிமிஷ வேலை

டயர்ல காத்து, வண்டி ஓட்டறதுக்கு முன்னாடி, சூடாகாம இருக்கும்போது பாருங்க. ஆயில் பார்க்க எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, நிறுத்தி, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு, வண்டியை நேரா நிமிர்த்திப் பாருங்க. கிளட்ச் லீவர்ல லேசா ப்ளே இருக்கணும். பிரேக் ஃப்ளூயிட் குறைஞ்சா உடனே ஊத்தாதீங்க, முதல்ல பேட் தேய்ஞ்சிருக்கா, எங்கயாவது லீக் ஆகுதான்னு பார்க்கச் சொல்லுங்க. பிரேக்கைப் பிரிக்கிற வேலையை மெக்கானிக்கிட்டயே விடுங்க.

போன்ல ஒரு நோட் வெச்சுக்கோங்க: தேதி, கிலோமீட்டர், என்ன பண்ணீங்க. அடுத்த தடவை கடையில, "அண்ணா, செயின் 40 மில்லிமீட்டர் ஆடுது, அட்ஜஸ்டர் கடைசி மார்க்குக்கு வந்துடுச்சு, செயின் ஸ்ப்ராக்கெட் செட்டே மாத்தணுமா?"ன்னு கேளுங்க. அதுக்கப்புறம் யாரும் அண்ணனைத் தேட மாட்டாங்க. கேட்டதுக்குப் பதில் உங்ககிட்டயே வரும்.

இந்த ஞாயித்துக்கிழமை செயினை மட்டும் அளந்து பாருங்க. எத்தனை மில்லிமீட்டர்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பஞ்சர். அதுவரைக்கும் ஹெல்மெட் போட்டுட்டுப் போங்க!