முழங்காலாக மாறிய கணுக்கால்

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். ஒரு காலை நீட்டி, விரல்களைக் கீழ்ப்பக்கமாக அழுத்துங்கள். பாதம் காலோடு கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் வந்துவிடும். இப்போது விரல்களை உங்கள் பக்கம் இழுங்கள். பாதம் மடங்குகிறது. நீட்டுவது, மடக்குவது... முழங்காலும் இதைத்தானே செய்கிறது? என்ன, முழங்கால் பின்பக்கம் மடங்கும், கணுக்கால் முன்பக்கம் மடங்கும். சரி, கணுக்காலைத் திருப்பி வைத்துவிட்டால்?

கோணங்கித்தனமான கேள்விதான். ஆனால் ஒரு ஜெர்மானிய மருத்துவர் 1920களிலேயே இதைச் செய்து பார்த்துவிட்டார். அவர் பெயர் போர்கிரேவ். காசநோயால் பழுதான காலுக்காகச் செய்தது அது. 1970களில் வியன்னாவில் சால்சர், கோட்ஸ் என்ற மருத்துவர்கள் எலும்புப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு இதைச் செய்யத் தொடங்கினார்கள்.

ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் அரிதானது. வந்தால், பெரும்பாலும் கிடுகிடுவென்று உயரும் வயதில், முழங்காலை ஒட்டித்தான் வரும். எலும்பு வேகமாக வளரும் இடம் அது. (விளையாடி விழுந்த வலிக்கெல்லாம் பயப்படாதீர்கள். வாரக்கணக்கில் போகாமல் தூக்கத்தைக் கெடுக்கும் வலியும் வீக்கமும் இருந்தால் மட்டும் வீட்டில் சொல்லுங்கள்.)

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸுக்கு 1977இல் இந்த நோய் வந்தது. வயது 18. வலது காலை முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். 1980இல், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, செயற்கைக் காலோடு 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அந்த ஓட்டத்தின் படங்களைப் பார்த்தால், நல்ல காலால் ஒரு குதி கூடுதலாகக் குதித்துக் குதித்து ஓடுவது தெரியும். முழங்கால் போனால் ஓட்டம் எவ்வளவு சிரமம் என்று அந்தக் குதியே சொல்லிவிடும்.

இன்று அறுவை மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன் கீமோதெரபி நடக்கும். அந்த வாரங்களில் அவர் பிள்ளையோடு நிறையப் பேச வேண்டும். "உனக்கு என்ன விளையாடப் பிடிக்கும்?" என்பது மருத்துவக் கேள்விதான். உள்ளே உலோக மூட்டு பொருத்தினால் கால் பார்க்கப் பழைய கால் மாதிரியே இருக்கும். ஆனால் குதிப்பதும் பந்தாட்டமும் கூடாது, மூட்டு தேயும். பிள்ளை வளர வளர அதையும் நீட்ட வேண்டும். சில மூட்டுகளுக்குள் காந்தம் இருக்கிறது. வெளியிலிருந்து காந்தப்புலத்தைச் சுழற்றினால், கத்தியே படாமல் நான்கு நிமிடத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும்.

ஓடியே தீருவேன் என்கிற பிள்ளைக்கு அந்தக் கணுக்கால் வித்தை இருக்கிறது. முழங்காலைக் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கீழ்க்காலை 180 டிகிரி திருப்பித் தொடை எலும்போடு தகடும் திருகும் வைத்துப் பொருத்துகிறார்கள். கால் குட்டையாகிவிட்டதால் முக்கிய நரம்பு நீளம் மிஞ்சும். அதை அறுக்காமல் வளையமாகச் சுருட்டி உள்ளே வைப்பார்கள். குதிகால் இப்போது முன்பக்கம். பாதம் செயற்கைக் காலின் குழிக்குள் நுழையும். சின்னப் பிள்ளை என்றால் மருத்துவர் எக்ஸ்ரேயில் அளந்து, புது 'முழங்காலை' மற்ற முழங்காலைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைப்பார். மற்ற கால் வேகமாக வளர்ந்து வளர்ந்து, பெரியவனாகும்போது இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும்!

இப்படித் திருப்பிய காலின் படத்தைப் பார்த்ததும் பெற்றோர் முகம் மாறத்தான் செய்யும். எனக்கும் முதல்முறை ஒரு மாதிரிதான் இருந்தது. அதனால் பல மருத்துவர்கள், ஏற்கெனவே இதைச் செய்துகொண்ட ஒரு பிள்ளையை அழைத்து அறிமுகப்படுத்துகிறார்கள். செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டுவது, எப்படி ஓடுகிறது, பள்ளியில் யார் என்ன கேட்டார்கள் என்று சொல்வது எல்லாம் அந்தப் பிள்ளையின் வேலை. மருத்துவர் சும்மா இருந்தால் போதும்.

அறுவை முடிந்து கண் விழித்ததும் மருத்துவர் கட்டிலின் கால்மாட்டில் வந்து நிற்பார். கால் விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுப்பார். வெளுத்த நகம் மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. அடுத்து, "கட்டை விரலை ஆட்டு பார்ப்போம்" என்பார். பிள்ளை ஆட்டும். ஆடுவது தெரியும். ஆனால் விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் கொஞ்ச நேரம் தேட வேண்டியிருக்கும்.