அணைந்து அணைந்து எழும் கம்ப்யூட்டர்: முதலில் கணக்கைக் காப்போம்

நம் கடைகளில் பேரேடும் சிட்டாவும் இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. பெரிய மண்டிக்காரர்கள் இதற்கென்றே தனி இயந்திரம் வாங்கி வைத்திருப்பார்கள். செஞ்சி நகரிலும் தொண்டூர் போன்ற சுற்று வட்டாரக் கிராமங்களிலும் உள்ள சிறு வியாபாரிகள் நிலை வேறு. பிள்ளைகளின் படிப்புக்காக வீட்டில் வாங்கிய கம்ப்யூட்டரே இரவில் கடைக் கணக்கையும் பார்க்கும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி, பிள்ளை கல்லூரியை முடித்ததும் கல்லாவுக்கு வந்துசேர்ந்த வீடுகளும் உண்டு. அதில் தவறில்லை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் வரத்து மும்முரமாக இருக்கும் ஒரு காலையில் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் படம் வந்து, வட்டப் புள்ளிகள் சுற்றி, திடீரென நீலத் திரை விழுந்து, இருட்டாகி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினால்தான் கலக்கம். பத்து முறை பார்த்தாலும் அதே கதைதான். (புதிய விண்டோஸ் 11-ல் அந்த நீலத் திரை கருப்பாகிவிட்டது. நோய் மாறவில்லை.)

உடனே நமக்குத் தோன்றுவது, தூக்கிக்கொண்டு செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ ஓடுவது. பழுது பார்ப்பவர் அவசரத்தில் இருப்பார். "சாஃப்ட்வேர் போயிருக்கு, ஃபார்மட் போட்டுடலாமா?" என்று கேட்பார். நாமும் தலையாட்டிவிடுவோம். மாலையில் இயந்திரம் புதிது போல வந்துவிடும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. யார் யாருக்கு எவ்வளவு கடன் நிற்கிறது, எந்த மண்டிக்கு எவ்வளவு பாக்கி, எந்தக் கொள்முதல் பில்லுக்கு வரி வரவு எடுத்தோம் என்பதெல்லாம் போயிருக்கும். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோருக்கு 20-ஆம் தேதி 3பி படிவக் கெடு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஃபார்மட் ஆகிவிட்டது என்று அதிகாரியிடம் சொல்ல முடியுமா? இயந்திரம் போனால் இன்னொன்று வாங்கலாம். கடனுக்குச் சரக்கு வாங்கிய நூறு வீட்டுக் கணக்கை எந்தக் கடையில் வாங்குவது?

இந்த நோய் வந்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இதற்கு உலகம் முழுக்க ஒரே நாளில் நடந்த சாட்சி இருக்கிறது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க நிறுவனம், பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைக் காக்கும் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. நம் நேரப்படி காலை 9.39-க்குப் போன அந்தக் கோப்பில் பிழை இருந்தது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அவற்றில் ஏராளமானவை அணைந்து எழுந்து, எழுந்து அணைந்து, சுற்றிக்கொண்டே இருந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களுமாகப் பத்துக்குச் சிறு பாதிப்பு என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. மளிகைக் கடைக்காரர் அந்த மென்பொருளை வாங்குவதில்லை என்பதால் நாம் தப்பினோம்.

இந்தச் சம்பவத்தில் நமக்கு வேண்டிய சேதி, அந்த 85 லட்சம் இயந்திரங்களில் கோளாறு எங்கே இருந்தது என்பதுதான். இயந்திரம் கெடவில்லை, உள்ளே இருந்த கணக்கும் அழியவில்லை. தொடங்கும்போது படிக்க வேண்டிய ஒரே ஒரு கோப்பு தப்பாக இருந்தது. சேஃப் மோடில் போய் அதை அழித்ததும் எழுந்துகொண்டன. ஆனால் முழுதாக எழாத இயந்திரத்துக்குத் திருத்தத்தை அனுப்ப வழியில்லாததால், ஆட்கள் ஒவ்வொரு இயந்திரமாக உட்கார்ந்து கையால் செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலை நாட்கணக்கில் நீண்டது. ஆனாலும் அதற்காக ஃபார்மட் போடத் தேவையிருக்கவில்லை.

நம் வீட்டு இயந்திரத்துக்கு வருவோம். முதலில் ஐந்து நிமிடம் கைகட்டி நின்று கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுகிறதா, அல்லது ஒரு தடவை இரண்டு நிமிடம், ஒரு தடவை பத்து நிமிடம் என்று கண்டபடி விழுகிறதா? ஒரே இடம் என்றால் பெரும்பாலும் விண்டோஸோ டிஸ்க்கோ. கண்டபடி என்றால் மின்சாரம், சூடு, மெமரி இவற்றில் ஒன்று. செலவில்லாத இன்னொரு சோதனையும் உண்டு. ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் பயாஸ் என்ற அமைப்புத் திரை வரும். (சில கம்பெனி இயந்திரங்களில் வேறு விசை.) எதையும் மாற்றாமல் அப்படியே கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மேல் பழி போட வேண்டாம். விண்டோஸ் அப்போது இயங்கவே தொடங்கியிருக்காது.

மின்சாரத்தைப் பற்றி நம் பக்கத்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்று வயல்களில் பம்புசெட் ஓடும் நேரத்தில் விளக்கு மங்குவதைப் பார்த்திருக்கிறோம். ஃபிரிட்ஜும் மிளகாய் அரைக்கும் இயந்திரமும் ஓடும் லைனிலேயே கம்ப்யூட்டரையும் சொருகியிருந்தால், அவை கிளம்பும் நொடியில் இது மயங்கி விழும். வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பேட்டரி செத்த யு.பி.எஸ். வழியாகப் போகும் மின்சாரமே இந்தச் சுற்றலுக்குக் காரணமாவதும் உண்டு. அதைக் கழற்றி நேராகச் சுவரில் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியும் நிற்கவில்லை என்றால் கேபினெட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைச் சந்தேகிக்கலாம். பழுது பார்ப்பவரிடம் வேறொன்றை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது தூசி. இதில் மளிகைக் கடைக்கு ஈடே கிடையாது. மிளகாய்த் தூள், கடலை மாவு, மூட்டைச் சணல், ஊதுபத்திப் புகை எல்லாம் சேர்ந்து கேபினெட்டுக்குள் மெத்தை போல் படிந்துவிடும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. பிராசசர் சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ள இயந்திரம் அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெளித் திண்ணையில் வைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, காய்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தட்ட வேண்டும். ப்ளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டைகளுக்கு நடுவே தரையில் வைப்பதை நிறுத்தி ஒரு ஸ்டூல் மேல் ஏற்றினாலே பாதிப் பிரச்சினை வராது.

உள்ளே திறந்திருக்கும்போதே மெமரிப் பட்டையையும் பார்த்துவிடலாம். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு நம் உடம்பின் மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, பட்டையைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ரப்பர் தூளை ஊதிவிட்டு, 'டக்' என்று உட்காரும்வரை மறுபடி அழுத்துங்கள். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்லது. ரப்பர் வைத்தியம் பலமுறை வேலை செய்கிறது, நம்பலாம். மடிக்கணினியைத் திறக்கும் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இதற்கெல்லாம் அடங்கவில்லை என்றால் விண்டோஸ் பக்கம் போகலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும், தொடங்கும் முயற்சி இரண்டு மூன்று தடவை தோற்றால் பழுது பார்க்கும் நீலத் திரை தானே வரும். வராவிட்டால், படம் வந்தவுடன் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைப்பதை மூன்று தடவை செய்தால் வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போனால் எண்ணிட்ட பட்டியல் ஒன்று தெரியும். 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. 9-ஐ அழுத்தினால் விழுந்தவுடன் தானாக ரீஸ்டார்ட் ஆவது நிற்கும். திரையில் நிற்கும் பிழைப் பெயரைச் செல்போனில் படமெடுத்துப் பழுது பார்ப்பவருக்கு அனுப்பலாம்.

சேஃப் மோடு கிடைத்துவிட்டால் வேறு எதையும் தொடும் முன் பென் டிரைவைச் சொருகிக் கணக்குக் கோப்புகளை எடுத்துவிடுங்கள். டேலி வைத்திருப்போர் அதன் டேட்டா ஃபோல்டரை அப்படியே நகலெடுக்க வேண்டும். அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே, இயந்திரம் நலமாக இருக்கும்போதே, ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவில் போட்டு வைப்பது நல்லது. நகல் கைக்கு வந்த பிறகு கடைசியாக வந்த விண்டோஸ் அப்டேட்டை நீக்கிப் பார்க்கலாம், புதிதாகப் போட்ட பில் பிரிண்டர் மென்பொருளை எடுத்துப் பார்க்கலாம். அதே திரையில் 'ரீசெட்' என்று ஒன்று கவர்ச்சியாக நிற்கும். 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்று தேர்ந்தெடுத்தாலும் அது நாம் போட்ட மென்பொருள்களை நீக்கிவிடும். நகல் எடுக்காமல் அதைத் தொட வேண்டாம்.

சேஃப் மோடும் வரவில்லை, உள்ளே டிஸ்க் 'டக் டக்' என்று தட்டுகிறது என்றால் மறுபடி மறுபடி ஆன் செய்வது கூடாது. ஒவ்வொரு முயற்சியும் டிஸ்கை மேலும் கெடுக்கும். டிஸ்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேசிங்கில் போட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் சொருகிக் கணக்கை எடுத்துத் தரும்படி கேளுங்கள். டிஸ்க் சோதனை, பழுது நீக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான். புதிய மடிக்கணினிகளில் இங்கே ஒரு பூட்டு இருக்கலாம். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். பெரும்பாலும் அது முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அவர் மகனாக இருந்து, வேலைக்கு வெளியூர் போயிருந்தால், இன்றே போன் போட்டு அந்த எண்ணை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகளையே தாமதப்படுத்தியது இந்தச் சாவிதான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துவிட்டது. அதில் கணக்கு வைத்திருப்பவர்கள் மாறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். மழை விஷயமும் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது நம் மாவட்டத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். நனைந்த கம்ப்யூட்டரை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஆன் செய்யவே கூடாது. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் டிஸ்கும் சேர்ந்து போகும்.

நகலுக்கு இரண்டு பென் டிரைவ் போதும். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றொன்று. ஒன்று கடையில் இருந்தால் மற்றது வீட்டில் இருக்கட்டும். வீடும் கடையும் ஒன்றாக இருப்பவர்கள் ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கலாம். மாதம் ஒரு நாள் அதை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, சென்ற வாரக் கடைசி பில் வரை திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.